நாலு அவுன்ஸ் மரமீன்

கரையில் நின்று வரிக்கொடுவா மீன் பிடிக்க வருகிற புது ஆட்கள் முதலில் தூண்டில் கோலுக்குத்தான் காசைக் கொட்டுகிறார்கள். பத்தடிக் கோலா, பதினோரடிக் கோலா என்று கடைக்காரனிடம் அரைநாள் பேசுகிறார்கள். அது தப்பு. முதலில் பார்க்க வேண்டியது காலில் போடுவதை. எங்கள் பக்கம் மணல் கிடையாது, பாறைதான். பாறைமேல் பாசி, பாசிக்கு அடியில் பாறையோடு ஒட்டி வளர்கிற, காலைக் கிழிக்கிற கொட்டலசு. மட்டமான கோலை வைத்துக்கொண்டும் மீன் பிடித்துவிடலாம். அடியில் ஆணி வைத்த பூட்ஸ் இல்லாமல் அந்தப் பாறையில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது.

நீங்கள் கேட்டது இந்த மேஜைமேல் பிளாஸ்டிக் பையில் இருக்கிற மரமீனை, மீனை ஏமாற்றுகிற இந்த மர இரையைப் பற்றி. அதற்கும் வருகிறேன். அது நான் செதுக்கியதுதான். வயிற்றில் சூடு போட்ட மூன்று புள்ளி என் அடையாளம். இந்தக் கரையில் மீன் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டிருப்பீர்கள், அதனால்தான் என்னைக் கூட்டி வந்தீர்கள். செராஃபிமின் சட்டைத் தோளில் அது எப்படி மாட்டியது என்றால், நான் எறிந்தேன், மாட்டியது. காப்பாற்றத்தான் எறிந்தேன். அதில் பொய் இல்லை. முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு அது புரியும்.

என் பெயர் பெல்மீரோ. வயது அறுபத்தெட்டு. பதினைந்து வயதிலிருந்து விரிகுடாவில் மட்டிச் சிப்பி வாரியவன். இருபதடி இரும்புக் குழாயின் நுனியில் பல் வைத்த கூடை இருக்கும். அதைப் படகிலிருந்து சேற்றில் இறக்கி நாள் முழுக்க உடம்பால் இழுக்க வேண்டும். நாற்பத்தோரு வருஷம் இழுத்தேன். இப்போது வலது தோளில் எலும்பும் எலும்பும் நேராக உரசுகின்றன. மனைவி இருந்தாள். என் நாற்றம் பிடிக்கவில்லை என்று போய்விட்டாள். பிள்ளை கிடையாது. இதையெல்லாம் உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. செராஃபிம் எனக்கு யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

செராஃபிம் கல் கொத்தன். இந்தக் கடலோரத்தில் பணக்கார வீடுகளின் கற்சுவர்களில் பாதி அவன் கை பட்டது. கட்டி முடித்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மீன் பிடிக்க அவனை விடமாட்டார்கள். அதனால் சுவர் கட்டும்போதே கடலில் எந்தப் பாறை எங்கே இருக்கிறது, எப்போது தலைகாட்டுகிறது, எப்போது முழுகுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வான். கழுதைப்பாறையை அப்படித்தான் கண்டுபிடித்தான். கண்டுபிடித்து என்னிடம் மட்டும் சொன்னான். ஏன் என்னிடம் சொன்னான் என்று நான் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷம் ஆகிறது.

மே மாதம் முதல் மீன் வரும்போது தொடங்குவோம். நவம்பரில் கடைசி மீன் தெற்கே போகும்வரை வாரத்துக்கு நாலு நாள். பனிக்காலம் முழுக்க என் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து மரமீன் செதுக்குவோம். நான் செதுக்குவேன், அவன் குறை சொல்வான். நான் செய்த எதையும் அவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பெரிய மீன் அதில் கடித்தால் மட்டும், "குருட்டு மீன்டா அது" என்பான். என் தோள் போன பிறகு வீச்சு குறைந்துவிட்டது. அதற்கும் விடமாட்டான். "கல்யாண வீட்ல அரிசி போடற மாதிரி வீசுறியேடா மீரோ" என்பான். மாலையில் அவன் வீட்டில் கீரை சூப், இல்லையென்றால் என் வீட்டில் முட்டையும் கார சாஸேஜும். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மனைவி இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கம் நான் பிடித்தேன். இந்தத் தோளோடு பிடித்தேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாக் கரை மீன்காரனுக்கும் உண்டு, எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். இடத்தைச் சொல்லமாட்டோம். வண்டியை இரண்டு மைல் தள்ளி, மாதாகோவில் முன்னால் விடுவோம். அங்கிருந்து நடப்போம். மீன் பிடித்துக்கொண்டு திரும்புகிறபோது யாராவது கேட்டால், செங்கல்சூளைக் கரை என்போம். அவன் மனைவிக்குக்கூட செங்கல்சூளைக் கரைதான். சாகும்வரை அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவன் மூன்று கோலையும் ஒரு செருப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு என் நிலவறைக்கு இறங்கி வந்தான். பெட்டிக்குள் அவனுடைய பொய்யிரைகள் எல்லாம் இருந்தன. தகடுகள், தோல் போர்த்தியவை, நான் செய்து கொடுத்த மரமீன்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, முள்ளில் தக்கை குத்தி அடுக்கியிருந்தான்.

"இதெல்லாம் நீ வெச்சுக்கடா."

எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"இல்டா கூப்புடறா. முதுகு முடியலடா மீரோ. இன்னொரு பனிக்காலம் இங்க தாங்கமாட்டேன்."

இல்டா அவன் மகள். ஃபுளோரிடாவில் இருக்கிறாள். அங்கே வரிக்கொடுவா கிடையாதே என்றேன். எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"இல்லன்னா என்ன. அவ வீட்டுக்குப் பின்னாடியே வாய்க்கால் ஓடுதாம். நாற்காலி போட்டு உக்காந்துகிட்டே பிடிக்கலாமாம். சின்னக் கோல் ஒண்ணு வாங்கிட்டேன்."

நாற்காலி போட்டு. அவன் அதைச் சந்தோஷமாகச் சொன்னான். அதை நான் மறைக்க வேண்டியதில்லை. நீயும் வாயேன், ஒரு மாசம் இருந்துவிட்டுப் போ என்றும் சொன்னான். அது மரியாதைக்குச் சொன்னது. ரயில் ஏறுகிறவன் வழியனுப்ப வந்தவனைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. பிறகு இன்னும் நாலைந்து தடவை சொன்னான். ஒரு தடவை விமான டிக்கெட் பற்றிக்கூட விசாரித்து வைத்திருந்தான். எல்லாம் மரியாதைதான்.

நவம்பர் மூன்றாம் தேதி கிளம்புவதாக இருந்தது. இல்டா தானே வந்து கூட்டிப் போவாள். வீட்டை விற்கப் பலகை வைத்தான். பார்க்க வந்த இரண்டு குடும்பங்களிடம் நிலவறையில் தண்ணீர் ஏறும் என்று சொன்னேன். பொய் இல்லை, புயல் அடித்த வருஷம் ஒரு தடவை ஏறியது. மூன்றாவதாக வந்தவர்களிடம் நான் பேசுவதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

செப்டம்பர் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. விடிகிறபோது எழுந்து உட்கார்ந்து நவம்பர் நாலாம் தேதியை நினைத்துப் பார்ப்பேன். காலையில் காபி போடுவேன். அப்புறம்? அதற்கு அப்புறம் எதுவும் தெரியவில்லை. மட்டி வாருகிற காலத்தில் மூடுபனியில் மாட்டியிருக்கிறேன். அப்போதும் ஒரு பக்கம் கரை இருக்கிறது என்று தெரியும். இது அப்படி இல்லை. அவனிடம் இதைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். கல் கொத்தனும் மட்டிக்காரனும் அப்படியெல்லாம் பேசிக்கொள்வதில்லை. நவம்பர் நடுவில்தான் பெரிய மீன் வரும், அதற்குள் போகிறாயே என்றேன். "நீ பிடிச்சு போட்டோ அனுப்புடா" என்றான்.

பூட்ஸுக்கு வருகிறேன். இரண்டு ஜோடிக்கும் ஆணி மாற்றுவது எப்போதும் நான்தான். அவனுக்குக் கிட்டப் பார்வை போய்விட்டது, திருகின் தலை தெரியாது. ஒவ்வொரு அடியிலும் இருபத்தாறு ஆணி. கெட்டி முனை வைத்தது, பாறையில் நடந்தால் கீறல் விழும். தேய்ந்த ஆணிகளை நான் எறிவதில்லை, ஒரு காபி டப்பாவில் போட்டு வைப்பேன். அக்டோபர் இரண்டாம் வாரம் அவன் பூட்ஸை வாங்கி வந்தேன். இடது காலில் முன்பக்கம் பதினோரு ஆணியைக் கழற்றிவிட்டு டப்பாவில் இருந்த மொட்டை ஆணிகளைப் போட்டேன். வலது காலைத் தொடவில்லை.

ஒரு கணுக்கால். என் கணக்கு அவ்வளவுதான். கணுக்கால் முறிந்தால் எட்டு வாரம், அவன் வயதுக்குப் பத்து. பத்து வாரத்தில் பனி வந்துவிடும், வீடு வாங்குகிறவர்கள் வரமாட்டார்கள். பனி போனால் மே மாதம். மே மாதத்தில் எந்த மீன்காரனும் ஊரைவிட்டுப் போனதில்லை.

என் முன்னறையில் நீங்கள் பார்த்த கட்டில் அதற்குத்தான். அவனால் படியேற முடியாது என்று கீழே இறக்கிப் போட்டேன். குளிர்ப்பெட்டியில் இருந்த பதினாலு டப்பா கீரை சூப்பும் அதற்குத்தான். ஊன்றுகோல் எங்கே வாங்கினேன் என்று கேட்டீர்கள். மாதாகோவில் பழைய சாமான் விற்பனையில். அவன் உயரத்துக்குச் சரிசெய்து வைத்திருந்தேன். அக்குளுக்குப் பஞ்சு சுற்றியிருந்தேன். கொல்ல நினைக்கிறவன் யாராவது பஞ்சு சுற்றுவானா என்று நீங்களே யோசியுங்கள்.

போகிற நாளையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். தூரத்துப் புயல் ஒன்றின் அலை வந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. ஆனால் நீண்ட இடைவெளி விட்டு ஆறடி அலை வரும் என்று வானிலையில் சொன்னார்கள். அந்த மாதிரி நாளில் பாறையின் அடியில் நுரை கொதிக்கும். மடவைக் குஞ்சுகள் நுரையில் திசை தெரியாமல் புரளும். வரிக்கொடுவா அதைத் தேடி வரும். மீனுக்கு நல்ல நாள், ஆளுக்குக் கெட்ட நாள். செராஃபிம் வேண்டாம் என்றான். கடைசியாக ஒரு தடவை என்றேன். வண்டி ஓட்டுகிற வழியெல்லாம் முணுமுணுத்தான். "சாவறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நீ வெயில் அடிக்கிற நாள்ல கூப்புட்டிருக்கியாடா?" என்று கேட்டான். தித்திப்பு ரொட்டி கொண்டு வந்திருந்தான். மாதாகோவில் முன்னால் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரிய துண்டை எனக்குப் பிய்த்துக் கொடுத்தான்.

கரைக்குப் போனபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. கடல் வற்றி முடிந்து திரும்புகிற நேரம். மார்பு வரை வருகிற ரப்பர் காலுடையைப் போட்டுக்கொண்டு, அதற்குமேல் பெல்ட் கட்ட வேண்டும். தண்ணீருக்குள் விழுந்தால் காலுடைக்குள் நீர் இறங்காமல் தடுப்பது அந்த பெல்ட்தான். தன் பெல்ட்டைத் தானே இறுக்கினால் போதாது. நாங்கள் ஒருவனுக்கு ஒருவன் இறுக்குவோம். முதுகில் முழங்காலைக் கொடுத்து, மூச்சுத் திணறும்வரை இழுக்க வேண்டும். அவன் எனக்கு இறுக்கினான். விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினான். "என்ன, மூச்சு வருதா? வந்தா பத்தாது" என்றான். பிறகு திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

நான் இழுத்தேன். முழங்காலைக் கொடுக்கவில்லை.

கணுக்கால்தான் குறி என்றால் பெல்ட்டை ஏன் தளர்த்த வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதை நானும் யோசித்துப் பார்த்தேன். தோள் வலியாக இருந்திருக்கலாம்.

கழுதைப்பாறை கரையிலிருந்து அறுபது காலடி தூரம். நடுவில் இடுப்பளவு பள்ளம். பள்ளத்தைத் தாண்டி முதலில் வருவது சின்னப் பாறை, அதற்குக் குட்டி என்று பெயர். அதிலிருந்து கடல்பக்கமாக நாற்பதடி தள்ளிக் கழுதை. குட்டியில் நான் நிற்பேன், கழுதையில் அவன் நிற்பான். எப்போதும் அப்படித்தான். அவன் கண்டுபிடித்த பாறை.

எனக்குக் கொடுத்துவிட்ட கோல்களில் ஒன்றை அன்றைக்கு அவனுக்காக எடுத்து வந்திருந்தேன். அதில் இரண்டு மீன் பிடித்தான். ஒன்று இருபது பவுண்டு இருக்கும். இரண்டையும் திரும்ப விட்டான். மூன்றாவதாக வீசத் திரும்பினபோது இடது கால் முன்னால் போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வழுக்கியது, அவன் உட்கார்ந்தான், அவ்வளவுதான். கணுக்கால் மடங்கியது தெரிந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தேன். என் பையைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி ஒரு அடிகூட வைத்தேன். அப்போது அந்த அலை வரிசையின் பெரிய அலை வந்தது. அலை வடிந்தபோது பாறைமேல் அவன் கோல் மட்டும் இருந்தது.

காலுடைக்குள் தண்ணீர் புகுந்தால் அது கீழே இழுத்துக்கொண்டு போகும் என்பார்கள். அப்படி இல்லை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. ஆனால் காலை உதைக்க முடியாது. நீரோட்டம் ஆளைப் பாயை இழுக்கிற மாதிரி இழுக்கும். விளிம்பைப் பிடித்தாலும் மேலே ஏற முடியாது, ஏறும்போதுதான் எடை வரும். அவன் இரண்டு பாறைக்கும் நடுவில் ஓடுகிற நீரில் மாட்டிக்கொண்டான். அது அவனைக் கடலுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. தலையும் ஒரு கையும் தெரிந்தன. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

என் தூண்டில் நரம்பில் அப்போது இருந்தது ஒன்றரை அவுன்ஸ் தகட்டு இரை. கம்பி மெல்லிசு, ஒற்றை முள். அதை எறிந்தால் துணியில் மாட்டும், ஆனால் ஒரு ஆளின் எடைக்கு முள் நிமிர்ந்துவிடும். அதனால் பையைத் திறந்து பார்த்தேன். மூன்று மரமீன் இருந்தது. ஒன்று பென்சில் மாதிரி, வேகமாகப் போகும், ஆனால் முள் சின்னது. இரண்டாவதில் துரு. நாலு அவுன்ஸ் மரமீனை எடுத்தேன். தேவதாரு மரம், உள்ளே முழு நீளத்துக்கும் கம்பி ஓடுகிறது. வயிற்றிலும் வாலிலும் மும்முள், இருப்பதிலேயே தடித்தது. ஐம்பது பவுண்டு தாங்குகிற பின்னல் நரம்பு, அதற்கு முன்னால் கெட்டி நரம்பு. எல்லாம் சேர்ந்தால் தண்ணீரில் மிதக்கிற ஆளை இழுக்கத் தாங்கும். தகட்டைக் கழற்றி இதை மாட்டினேன். நாற்பது விநாடி ஆகியிருக்கும். அதற்குள் அவன் எழுபதடி போய்விட்டான். ஆனால் சரியானதைத்தான் எடுத்தேன். அவனே இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பான்.

என் வீச்சைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் உங்களுக்குச் சொன்னேன். அந்த ஒரு வீச்சு நேராகப் போயிற்று. அவன் தலைக்கு மேலே போய் விழுந்தது. மெதுவாக ரீலைச் சுற்றினேன். தோளில் பட்டது. ஒரு இழு இழுத்தேன், முள் ஏறிக்கொண்டது. கோல் வளைந்தது. அவன் நின்றான். ஓடுகிற தண்ணீரில் அவன் மட்டும் நின்றான்.

இழுத்தேன். பெரிய மீனை இழுக்கிற மாதிரிதான். அலை வரும்போது விட்டுக் கொடுக்க வேண்டும், அலை போகும்போது வாங்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் துணி கிழியும். ஐம்பதடி. நாற்பதடி. பேச்சு கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டான். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, நான் பேசினால் அவன் கேட்டாக வேண்டிய இடத்தில் இருக்கிறான். ஜோக் அடிக்க முடியாது. பேச்சை மாற்ற முடியாது.

சுற்றுவதை நிறுத்தினேன்.

"ஃபுளோரிடாவுக்குப் போறியாடா?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. தண்ணீரைத் துப்பினான். "இழுடா" என்றான். திரும்பக் கேட்டேன். கத்தவில்லை, கேட்கிற அளவுக்குச் சொன்னேன். ஒரு அலை அவன் மேல் போயிற்று. வெளியே வந்தபோது என்னையே பார்த்தான். ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் அடித்தால் உடையும் என்று பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"போகலடா" என்றான். "போகல. இங்கயே இருக்கேன். இழு மீரோ."

அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. தோள் வலியே தெரியவில்லை. சுற்றினேன். முப்பதடி, இருபதடி. கட்டில் தயாராக இருக்கிறது, சூப் இருக்கிறது என்று சொன்னேன். கணுக்காலைப் பற்றிக் கவலைப்படாதே, எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன் என்றேன். அது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. குட்டிப்பாறையின் அடியில் இரண்டு ஆள் தூரத்தில் இருந்தான். ஒரு கையால் பாசியைப் பிடித்துக்கொண்டான். அலை அவனைப் புரட்டினபோது இடது கால் மேலே வந்தது. பூட்ஸின் அடி தெரிந்தது. அவனும் பார்த்தான். கிட்டப் பார்வை இல்லாதவன், ஆனால் கால் இருக்கிற தூரம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆணி மொட்டையா இருக்கேடா" என்றான். "நீதானடா போட்ட?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவன் முகத்தில் இருந்தது பயம். கடலைப் பார்த்து அல்ல, கடல் அவனுக்குப் பின்னால் இருந்தது. என்னைப் பார்த்து. இருபத்தாறு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பிடித்திருந்த பாசியைக்கூட விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகப் பார்த்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். இவன் மேலே ஏறினால் காய்ந்துவிடுவான் என்று நினைத்தேன். உடம்பு காய்ந்ததும் வார்த்தை மாறும். ஈரத்தில் சத்தியம் பண்ணிய எத்தனை பேரைப் படகுகளில் பார்த்திருக்கிறேன். இனிமேல் குடிக்கமாட்டேன் என்பான், கரை ஏறி ஒரு மணி நேரத்தில் கடையில் நிற்பான். செராஃபிம் வார்த்தை தவறாதவன். கட்டுகிறேன் என்று சொன்ன சுவரை ஒரு நாள் தள்ளிப் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் மகளைப் பார்த்ததும் வாக்கை மாற்றுவதை நான் பார்க்க வேண்டாம் என்று பட்டது. இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். அது அப்படியே இருக்கட்டும் என்று பட்டது.

நரம்பை ஓடாமல் பிடித்து வைக்கிற ரீலின் வளையக் கம்பியைத் திறந்துவிட்டேன்.

நரம்பு ஓடியது. முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. பெரிய மீன் ஓடுகிற மாதிரியேதான் சத்தம். பாதி ரீல் போனபிறகு கழுத்தில் தொங்கின நரம்புவெட்டியை எடுத்து வெட்டினேன். அவன் கொஞ்ச நேரம் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடவில்லை.

கடல் பெருக்கம் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் மார்புக்கு வருவதற்குள் கடந்தேன். அவன் இறுக்கின பெல்ட் என்னைக் காப்பாற்றியது. இரண்டு மைல் நடந்து மாதாகோவிலுக்கு வந்து, வண்டியில் இருந்த போனை எடுத்து உதவிக்குக் கூப்பிட்டேன். எங்கே என்று கேட்டாள் போனை எடுத்த பெண். செங்கல்சூளைக் கரை என்றேன். நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். உங்கள் படகுகள் நாலு மணி நேரம் அங்கே சுற்றியதாகச் சொன்னீர்கள், அங்கே விழுந்த உடல் மூன்று மைல் எதிர்த்திசையில் ஒதுங்காது என்றும் சொன்னீர்கள். தெரியும். ஆனால் யார் கேட்டாலும் அந்தப் பெயர்தான் எங்கள் வாயில் வரும். செராஃபிம் என் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

ஆக, ஆணியை மாற்றியது நான். பெல்ட்டைத் தளர்த்தியது நான். நரம்பை வெட்டியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொன்றேன் என்கிற வார்த்தைதான் வேண்டும் என்றால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் சண்டை போடப்போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இல்டா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அப்பாவைக் கூட்டிப் போகத்தான் கிளம்பி வந்தாள், பாவம். நான் சொன்னால் காது கொடுக்கமாட்டாள். நீங்கள் சொல்லுங்கள். அவள் அப்பா கடைசியில் மனசு மாறிவிட்டான். போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று அவன் வாயாலேயே சொன்னான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.